உழவாரம் பிடித்த பெரியவர்

நாள் முழுக்கப் புல் செதுக்கிவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது, ஆண்டவன் நம்மை எதுக்குத்தான் படைச்சானோ என்று அலுத்துக்கொள்வது நம்மில் பலருக்கும் உண்டு. படிச்சவனுக்கு ஒரு வேலை, பணம் உள்ளவனுக்கு ஒரு வேலை, நமக்கு மட்டும் மண்ணும் புல்லும்தானா என்று மனசு கேட்கும். அப்படிக் கேட்கிற நாளில் நாம் நினைக்க வேண்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிவன் கோயில்களில் நால்வர் சிலை பார்த்திருப்போமே, அதில் தோளில் ஒரு கருவியோடு நிற்பவர். அவர்தான் அப்பர் என்னும் திருநாவுக்கரசர். அந்தக் கருவிக்கு உழவாரம் என்று பெயர். புல் செதுக்குகிற கருவிதான்!

அவர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டில். பிறந்த ஊர் தமிழ்நாட்டில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருவாமூர். பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். அவருக்கு ஒரே அக்கா, திலகவதியார். அக்காவைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணம் நடக்கும் முன்பே அப்பா காலமானார். அம்மாவும் கூடவே போய்ச் சேர்ந்தார். போருக்குப் போன மாப்பிள்ளையும் களத்தில் மாண்டார். இனி எனக்கு உயிர் எதற்கு என்று அக்கா துணிந்துவிட்டார். தம்பி காலில் விழுந்து கதறினார். அந்த அழுகைக்காக அக்கா உயிரை வைத்துக்கொண்டார். அன்றைக்குப் பார்த்தால் அது வெறும் பாசம். பின்னால் அது என்ன ஆனது என்று பார்ப்போம்.

வளர்ந்த தம்பி சமண சமயத்தில் சேர்ந்தார். நிறையப் படித்தார். தருமசேனர் என்ற பெயரோடு தலைவராகவும் உயர்ந்தார். அக்காவோ திருவதிகைக் கோயிலில் வாசல் பெருக்கி, தரை மெழுகி, பூக்கட்டி, தம்பிக்காக வேண்டிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் தம்பியைச் சூலை நோய் பிடித்தது. வயிற்றைக் குடைந்த வலிக்கு எந்த வைத்தியமும் கேட்கவில்லை. இரவோடு இரவாக அக்காவைத் தேடி வந்து விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்து, விடியும் முன்பே கோயிலுக்கு அழைத்துப்போனார். அங்கே அவர் பாடினார். நோய் தீர்ந்தது என்கிறது பெரிய புராணம். அன்று அக்கா செத்திருந்தால், வலியோடு வந்தவர் எந்த வாசலில் போய் நின்றிருப்பார்? வழியில் கிடக்கும்போது எல்லாம் முள்ளாகத்தான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால்தான் பாதை தெரிகிறது.

அதன்பின் பல்லவ மன்னன் கூப்பிட்டு மிரட்டினான். அந்த மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்று ஆசிரியர் பலரின் கருத்து. சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தும், நஞ்சு கொடுத்தும், யானையை ஏவியும், கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் பார்த்தான் என்று புராணம் சொல்கிறது. நாவுக்கரசர் பணியவில்லை. ஆகவே ஆண்டவனை நம்புவது என்றால், எல்லாம் தலைவிதி என்று கைகட்டி நிற்பது இல்லை. அநியாயத்துக்கு அஞ்சாமல், நம் கடமையை விடாமல் செய்வதுதான்.

அவ்வளவு படித்தவர் கையில் எடுத்தது உழவாரம். ஊர் ஊராக நடந்தார். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைத் தம் கையாலேயே செதுக்கினார். பாட்டும் பாடினார், பாடும் படவில்லையா, பட்டார்!

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்குச் சோறு போட நாவுக்கரசருக்கும் ஞானசம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒவ்வொரு பொற்காசு கொடுத்தாராம். நாவுக்கரசர் மடத்தில் சோறு நேரத்தோடு வெந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமானது. காரணம் கேட்டால், சம்பந்தர் காசுக்குக் கடையில் வட்டம் பிடித்தார்கள். நாவுக்கரசர் காசு குறையில்லாத காசு. உடம்பு வளைத்துக் கைத்தொண்டு செய்தவருக்குக் கிடைத்த காசல்லவா அது! பிறகு சம்பந்தரும் பாடி நல்ல காசு பெற்றார். உழைக்கிற கைக்கு ஆண்டவன் கணக்கில் என்ன மதிப்பு என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

கடைசியில் திருப்புகலூரில், அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. கல்லோடு கல்லாக அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டு, மிச்சப் புல்லைச் செதுக்கப் போனார். 81 வயதுவரை வாழ்ந்து, சித்திரைச் சதய நாளில் அந்த ஊரிலேயே இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

அடுத்த தடவை நால்வர் சிலை முன் நிற்கும்போது, பிள்ளைகளுக்கு அந்த உழவாரத்தைக் காட்டுவோம். அப்பாவும் அம்மாவும் பிடிக்கிற கருவியை ஒரு நாயன்மாரும் பிடித்திருக்கிறார் என்று சொல்லிக்கொடுப்போம்.