பொருளைப் பொறுப்பாகக் கொண்ட பெருமகன்

சேட் கஸ்தூர்பாய் லால்பாய் (1894–1980)

தந்தை தொடங்கிய தொழில் மைந்தர் காலத்திலும் நிலைக்குமா என்னும் கவலை வணிகக் குடும்பங்கள் அனைத்திற்கும் பொதுவானது. கடைத்தெருவிலுள்ள சிறு துணிக்கடையாயினும், பல ஊர்களில் கிளை பரப்பிய மெத்தைக் கடையாயினும், ஆயிரம் தொழிலாளர் உழைக்கும் ஆலையாயினும் இக்கவலை ஒன்றே. இரும்பை, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்துத் தமிழ்ச் சமணர் நெடுங்காலம் உழவையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்கள். இன்று அக்குடும்பங்களின் இளைஞர் பலர் வணிகத்தில் காலூன்றி வருகின்றனர். அவர்கள் அறிந்து போற்றத்தக்க வாழ்வு, அகமதாபாத் நகரின் சேட் கஸ்தூர்பாய் லால்பாய் அவர்களுடையது.

கஸ்தூர்பாய் 1894ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் லால்பாய் தல்பத்பாய், அன்னையார் மோகினிபா. 17ஆம் நூற்றாண்டில் முகலாய அரசவையில் செல்வாக்குப் பெற்று விளங்கிய நவமணி வணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் வழிவந்த குடும்பம் அது. அகமதாபாத்தில் சிந்தாமணி பார்சுவநாதர் ஆலயத்தை எழுப்பியவர் அந்த முன்னோரே. காலப்போக்கில் அக்குடும்பம் பருத்தி ஆலைத் தொழிலில் ஈடுபட்டது.

பதினேழு வயதில் வந்த சுமை

கூட்டுக்குடும்பமாக நடந்துவந்த தொழில் உடன்பிறந்தாரிடையே பிரிந்தபோது, ராய்ப்பூர் ஆலை லால்பாயின் பங்காயிற்று. பிரிவினையின் வருத்தம் தணியுமுன்னரே, 1912ஆம் ஆண்டு அவர் காலமானார். குஜராத் கல்லூரியில் அப்போதுதான் பயிலத் தொடங்கியிருந்த கஸ்தூர்பாய்க்கு வயது பதினேழு. படிப்பைத் துறந்து ஆலைக்குள் நுழைந்தார்.

முதலாளியின் மகன் என்னும் எண்ணத்தோடு அவர் நாற்காலியில் அமர்ந்துவிடவில்லை. தொழிலின் அடிப்படை பஞ்சு என்பதை உணர்ந்து, பருத்தி கொள்முதலை நேரில் கற்றார். இழையின் நீளம், வலிமை, தூய்மை, ஈரம் ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் மதிப்பிடும் திறமை ஆலைக்கு இன்றியமையாதது. மெத்தை தைப்பவர் ஒரு பிடி பஞ்சை எடுத்துப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்வதும் இத்தகைய பயிற்சியினால்தான். கொள்முதலில் நேரும் பிழையைப் பின்னர் எந்த இயந்திரமும் திருத்த இயலாது.

மூத்தவர் சிமன்பாய், இளையவர் நரோத்தம்பாய் ஆகிய சகோதரரோடு அவர் இணைந்தே தொழில் நடத்தினார். தந்தையின் தலைமுறையில் பிரிவினையைக் கண்ட குடும்பம், அடுத்த தலைமுறையில் ஒற்றுமையால் வளர்ந்தது. ராய்ப்பூர் ஆலையைத் தொடர்ந்து அசோக் ஆலை உருவாயிற்று. 1931இல், உலகமெங்கும் வணிகம் சரிந்திருந்த வேளையில், ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் பங்கு முதலுடன் அரவிந்த் ஆலையை மூவரும் நிறுவினர். சுதேசி இயக்கம் ஓங்கிய அக்காலத்தில் மக்கள் அயல்நாட்டுத் துணியை விலக்கினர். ஆனால் அதற்கு இணையான மெல்லிய துணி உள்நாட்டில் போதிய அளவில் கிடைக்கவில்லை. அக்குறையை நிரப்பும் நோக்குடனேயே அரவிந்த் ஆலை தோன்றியது.

1923 முதல் 1926 வரை மத்திய சட்டசபையில் அவர் உறுப்பினராக இருந்தார். இந்திய ஆலைத் துணியின்மீது 1896 முதல் விதிக்கப்பட்டிருந்த மூன்றரை விழுக்காட்டுக் கலால் வரி, இங்கிலாந்து ஆலைகளின் நலம் கருதியது. அதை நீக்கக் குரல் கொடுத்தவர்களுள் அவர் முன்நின்றார். 1925இன் இறுதியில் அவ்வரி நிறுத்தப்பட்டது.

சத்ருஞ்சயத்தின் சோதனை

சேட் அவர்கள் சுவேதாம்பர மரபினர். தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். ஆயினும் சத்ருஞ்சயகிரி இரு மரபினரும் வணங்கும் தலம். அம்மலை ஆலயங்களைப் பேணும் ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறக்கட்டளைக்கு, தந்தையாரைப் போலவே, இவரும் தலைவரானார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

பொறுப்பேற்றவுடனேயே கடுஞ்சோதனை வந்தது. யாத்திரிகரிடம் வரி தண்டுவதற்கு மாற்றாக, ஆண்டுக்கு 15,000 ரூபாய் செலுத்தும் உடன்பாடு 1886இல் பாலிதானா சமஸ்தானத்தோடு செய்யப்பட்டிருந்தது. நாற்பது ஆண்டுக் கெடு 1926இல் முடிந்தபோது, அத்தொகையில் நிறைவடையாத சமஸ்தானம் யாத்திரிகரிடமே வரி பெற முற்பட்டது. சமூகம் கலவரத்தை நாடவில்லை. வரி செலுத்தி மலையேறுவதைவிட யாத்திரையையே நிறுத்துவது என்று முடிவு செய்தது. ஆதிநாதர் திருவடியைக் காண ஏங்கிய முதியோர் எத்தனையோ பேர் வீட்டிலிருந்தே வணங்கினர். இரண்டாண்டுகள் மலைப்பாதை வெறிச்சோடிக் கிடந்தது. 1928இல் வைசிராய் இர்வின் பிரபு முன்னிலையில், ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் 35 ஆண்டுகளுக்கு என உடன்பாடு ஏற்பட்டது. தொகை பெரிதே, ஆனால் பக்தர் ஒவ்வொருவரும் வாயிலில் வரி கொடுத்து நுழையும் நிலை தவிர்க்கப்பட்டது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று பகுத்தறியும் வணிக அறிவு அங்கே அறத்திற்குத் துணை நின்றது.

பழமையைக் காத்த திருப்பணி

ராணக்பூரின் நான்முகக் கோயில், அபு மலையின் தில்வாரா ஆலயங்கள், சத்ருஞ்சயம் முதலிய தலங்கள் அவர் தலைமையில் சீரமைக்கப்பட்டன. தில்வாராவுக்குப் பழைய பளிங்கோடு நிறமும் தன்மையும் இசையும் கல்லையே தேடிக் கொணர்ந்தனர். மரபுச் சிற்பிகளைக் கொண்டு, உடைந்த பகுதிகளை முன்னைய வடிவிலேயே செதுக்குவித்தனர். சத்ருஞ்சயத்தில் பிற்காலத்தார் ஒட்டிக் கட்டியவற்றை அகற்றியபோது, அவற்றின் பின்னே மறைந்திருந்த சிற்பங்கள் மீண்டும் ஒளி பெற்றன.

திருப்பணி என்பது புதுமை சேர்ப்பதன்று, முன்னோர் செய்ததை வெளிப்படுத்துவதே என்னும் கொள்கை அவருடையது. கற்சிற்பத்தின்மீது வண்ணம் பூசுவதும், பழந்தளத்தின்மேல் வழவழப்பான ஓடு பதிப்பதும் பெருகிவரும் இக்காலத்தில், ஒவ்வோர் ஊர் ஜினாலயக் குழுவினரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கொள்கை இது.

கல்வியும் சுவடியும்

கல்லூரிப் படிப்பை முடிக்க இயலாத அவர், பிறர் படிக்கக் கல்லூரிகள் அமைத்தார். 1936இல் அகமதாபாத் கல்விக் கழகம் தோன்ற உழைத்தார். 1948இல் தந்தையார் பெயரில் பொறியியல் கல்லூரி உருவாயிற்று. 1961இல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகம் அகமதாபாத்தில் அமைய, விக்ரம் சாராபாய் போன்றோருடன் இணைந்து பாடுபட்டார். முனிவர் புண்ணியவிஜயர் திரட்டிய சுவடிகளை அடிப்படையாகக் கொண்டு, தந்தையார் பெயரிலேயே இந்தியவியல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். பல்லாயிரம் சுவடிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. பரணில் ஓலைச்சுவடி வைத்திருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இது நல்ல முன்மாதிரி.

நாடு விடுதலை பெற்ற 1947இல் வல்சாடு அருகே அதுல் சாய ஆலையையும் அவர் தொடங்கினார். 1952இல் பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். 1969இல் பத்மபூஷண் விருது பெற்ற சேட் அவர்கள், 1980 ஜனவரி 20ஆம் நாள் தம் 85ஆம் வயதில் மறைந்தார்.

இல்லறத்தார் பொருளீட்டுவதைச் சமண அறம் தடுப்பதில்லை. அளவு கடந்து பற்றுவதையே தடுக்கிறது. ஆலைக் கணக்கில் காட்டிய கண்டிப்பை ஆலயக் கணக்கிலும் காட்டி, தம்மிடம் வந்த செல்வத்தை அடுத்த தலைமுறைக்குரிய பொறுப்பாகக் கருதி வாழ்ந்தவர் கஸ்தூர்பாய். கடை சிறிதாயினும் பெரிதாயினும், உடன்பிறந்தார் ஒற்றுமையும் நேர்மையான கணக்கும் அறத்திற்கு ஒரு பங்கும் உள்ள இடத்தில், தந்தை தொடங்கிய தொழில் மைந்தர் காலத்திலும் தழைக்கும்.