முடிசூடா வீரர் சாம் லாங்போர்ட்

விளையாட்டுத் துறையிற் புகழ்பெற்றோரை நினைவுகூரும்போது, அவர் பெற்ற பட்டங்களையும் கிண்ணங்களையும் எண்ணிப் பார்த்து அவர்தம் பெருமையை அளவிடுதல் உலக வழக்கு. குத்துச்சண்டையின் பாரஎடைப் பிரிவில் இவ்வழக்கு மிகுதியும் உண்டு. ஜோன் சலிவன், ஜாக் ஜோன்சன், ஜாக் டெம்சி, ஜோ லூயிஸ், முகம்மது அலி என நீளும் உலக சம்பியன்களின் நிரலை இத்துறையில் ஆர்வமுள்ளோர் நன்கறிவர். அந்நிரலில் இடம்பெறாத பெயரொன்று உண்டு. எனினும் குத்துச்சண்டை வரலாற்றை ஆராய்ந்தோர் அப்பெயருக்குரியவரை அந்நிரலிலுள்ளார் பலருக்கும் மேலாக வைத்தெண்ணுகின்றனர். அவரே சாம் லாங்போர்ட். பட்டம் என்பது யாது, அதனைக் கொடுப்போர் யாவர், மறுப்போர் யாவர் என்பவற்றை ஆராய்வார்க்கு இவர் வாழ்க்கை சிறந்ததொரு பாடமாகும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

கனடாவின் கீழைக் கரையிலுள்ள நோவாஸ்கோசியா மாகாணத்தில் வேமத் போல்ஸ் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. அமெரிக்க விடுதலைப் போரின் பின்னர் அப்பகுதியிற் குடியேறிய கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே 1883ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆந் திகதி லாங்போர்ட் பிறந்தார்; 1886ஆம் ஆண்டென்பாரும் உளர். தந்தையின் கொடுமையைப் பொறுக்கலாற்றாது இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, கிடைத்த வேலைகளைச் செய்து வயிற்றை நிரப்பி, ஈற்றில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை அடைந்தார். அங்கே மருந்துக் கடை வைத்திருந்த ஜோ வூட்மன் என்பவர் குத்துச்சண்டைக் கழகம் ஒன்றையும் நடத்தி வந்தார். பசியோடு வந்த சிறுவனுக்கு அக்கழகத்தைக் கூட்டித் துப்புரவு செய்யும் வேலை கிடைத்தது. பிற வீரர் பயிலும்போது அவர்க்கெதிரே நின்று அடி வாங்கும் வேலையும் அதனோடு சேர்ந்தே கிடைத்தது. அடி வாங்கக் கற்றவன் விரைவில் அடி கொடுக்கவும் கற்றான். 1902ஆம் ஆண்டில் லாங்போர்ட் ஊதியத்துக்குப் போரிடும் வீரரானார். வூட்மன் அவருடைய முகாமையாளராகிப் பல்லாண்டுகள் உடனிருந்தார்.

அடுத்த ஆண்டின் இறுதியிலேயே அவர் பெயர் பரவலாயிற்று. 1903 டிசெம்பர் 8ஆந் திகதி, இலகு எடைப் பிரிவின் உலக சம்பியனாகிய ஜோ கான்ஸ் என்பாரைப் பொஸ்ரனில் பதினைந்து சுற்றுகளிற் புள்ளிகளால் வென்றார். ஆனால் லாங்போர்ட்டின் எடை அப்பிரிவின் வரம்பை மிஞ்சியிருந்தமையாற் பட்டம் கான்ஸிடமே தங்கியது. 1904 செப்டெம்பர் 5ஆந் திகதி, வெல்ற்றர் எடைப் பிரிவின் சம்பியனாகிய ஜோ வோல்கொட்டை எதிர்த்தார். பதினைந்து சுற்றுகள் முடிந்ததும் போட்டி சமநிலையில் முடிந்ததெனத் தீர்ப்பாயிற்று. மேடையருகே இருந்தோருட் பலர் லாங்போர்ட்டே வென்றாரெனக் கருதினர். எனினும், சமநிலையாயிற் பட்டம் உடையவரிடமே நிற்கும் என்பது விதி. உலகப் பட்டம் ஒன்றை முன்வைத்து அவருக்கு வாய்த்த போட்டி வாழ்நாளில் அது ஒன்றே. அப்பொழுது அவர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். இனியும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் போரிட இருந்தார்.

லாங்போர்ட்டின் உயரம் ஐந்தடி ஏழு அங்குல அளவினதே. பாரஎடை வீரருக்கு இது மிகக் குறைந்த உயரம். ஆயினும் தோள்கள் அகன்றும் கைகள் நீண்டும் இருந்தன. எதிரி பின்வாங்க இடங்கொடாது நெருங்கிச் சென்று, குறுகிய தூரத்தில் இரு கையாலும் ஒரே வலிமையுடன் குத்துதல் அவர் முறை. பத்து எண்ணுமளவும் எழமுடியாதவாறு எதிரியை வீழ்த்தி அவர் பெற்ற வெற்றிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவருடைய நகைச்சுவையும் பேர்பெற்றது. போட்டியின் இறுதிச் சுற்றில் வீரரிருவரும் கைதொட்டுக் கொள்வது மரபு. ஒருமுறை லாங்போர்ட் இடைச்சுற்றொன்றின் தொடக்கத்திலேயே கையை நீட்ட, இது இறுதிச் சுற்றன்றே என்று எதிரி வியந்து வினவினாராம்; உமக்கு இதுவே இறுதி என்று விடையிறுத்து, சொன்னவாறே அச்சுற்றில் அவரை வீழ்த்தினார் என்பது வழிவழி வரும் கதை.

1906 ஏப்ரில் 26ஆந் திகதி, பொஸ்ரனை அடுத்த செல்சி நகரில் லாங்போர்ட்டும் ஜாக் ஜோன்சனும் மோதினர். ஜோன்சன் லாங்போர்ட்டினும் இருபது இறாத்தலுக்கு மேல் எடைகூடியவர், உயரமும் மிக்கவர். லாங்போர்ட் அன்று கீழே வீழ்த்தப்பட்டார். பதினைந்து சுற்றுகளின் முடிவில் ஜோன்சன் தெளிவாகவே வென்றார். லாங்போர்ட்டே ஜோன்சனை வீழ்த்தினார் என்றும், வெற்றி அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்றும் அவர் தரப்பினர் பின்னாளிற் பரப்பிய கதைக்கு ஆதாரமில்லை. உண்மையிற் பெருமை பெற்றவருக்குப் பொய்ப்பெருமை வேண்டுவதில்லையாதலின் இதனை ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். ஆனால் அவ்வொரு போட்டியே போதுமெனக் கொண்டார் ஜோன்சன். லாங்போர்ட் முதிர்ந்து எடையும் அனுபவமும் பெற்ற பின்னர், அவர் எத்துணை முயன்றும் ஜோன்சன் மறுமுறை அவருடன் மேடையேறவில்லை.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அக்காலத்தில் வெள்ளையின சம்பியன்கள் கறுப்பின வீரருடன் பட்டத்துக்காகப் போரிட மறுத்து வந்தனர். சலிவன் முதலானோர் வரைந்த அந்நிறக்கோட்டை 1908 டிசெம்பர் 26ஆந் திகதி சிட்னி நகரிற் கடந்தவர் ஜோன்சனே. ரொமி பேர்ன்ஸ் என்பாரை வென்று, பாரஎடைப் பிரிவின் முதலாவது கறுப்பின உலக சம்பியனானார். கதவு திறந்தது என மகிழ்ந்தோர் பலர். ஆனால் உள்ளே புகுந்தவர் தம் பின்னே கதவைச் சாத்தினார். இலண்டனிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் லாங்போர்ட்டுடன் போரிட இசைந்திருந்த ஜோன்சன், பட்டம் பெற்றபின் அவ்விசைவைக் கைவிட்டார். கறுப்பினத்தார் இருவர் மோதுவதைப் பணங்கொடுத்துப் பார்க்க எவரும் வாரார் என்பது அவர் கூறிய காரணம். அது முழுவதும் பொய்யெனவும் கூறவியலாது. வெள்ளையர் ஒருவர் ஜோன்சனை வீழ்த்தக் காண்பதற்கே அக்கால மக்கள் பெரும்பொருள் கொடுக்க ஆயத்தமாயிருந்தனர். பட்டத்தை உடையவரே எதிரியைத் தெரிவுசெய்யும் முறையில் அச்சமும் ஆதாயமும் கைகோத்து நின்றன. தகுதி வெளியே நின்றது.

அத்தினபுரத்து அரங்கில் அருச்சுனனுக்கு எதிரே வில்லேந்தி வந்த கன்னனை, நின் குலம் யாதெனக் கேட்டுத் தடுத்த வரலாற்றை நாம் அறிவோம். அன்று கன்னனுக்கு அங்கநாட்டு முடியைச் சூட்டத் துரியோதனன் இருந்தான். லாங்போர்ட்டுக்கு அத்தகையானும் வாய்த்திலன்.

மறுக்கப்பட்டவர் சோர்ந்திருந்தாரல்லர். ஜோன்சன் வாராத இலண்டன் கழகத்தில் 1909 மே மாதம் இங்கிலாந்தின் இயன் ஹேக் என்பாரை நான்காஞ் சுற்றில் வீழ்த்தினார். 1910 ஏப்ரிலில் நடுத்தர எடைப் பிரிவின் சம்பியனாகிய ஸ்டான்லி கெச்சலுடன் பிலடெல்பியாவில் ஆறு சுற்றுகள் போரிட்டார். அம்மாகாணத்திற் போட்டிக்குத் தீர்ப்பு வழங்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லாமையாற் பட்டம் கைமாறும் வாய்ப்பும் இல்லை. மேற்கொண்டு நீண்டதொரு போட்டி நடத்தும் பேச்சு எழுந்தது. அதற்கிடையில், அவ்வாண்டு ஒக்ரோபரிற் கெச்சல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1911 ஏப்ரிலில் பரிஸ் நகரில் சாம் மக்வேயுடன் இருபது சுற்றுகள் பொருது சமநிலை கண்டார். பின்னர் அவுஸ்திரேலியா சென்று அங்கும் அவரையே மீண்டும் மீண்டும் எதிர்த்தார்.

மீண்டும் மீண்டும் என்னும் இச்சொற்களே அக்காலக் கறுப்பின வீரரின் நிலையை உணர்த்தும். பட்டத்துக்குப் போட்டியிட வழியின்றி, வெள்ளையின வீரருட் பலரும் விலகிச் செல்ல, அவர்கள் தம்முள்ளேயே பொருது பிழைக்க வேண்டியிருந்தது. சாம் மக்வே, ஜோ ஜெனெற், ஹாரி வில்ஸ் ஆகிய மூவருள் ஒவ்வொருவருடனும் லாங்போர்ட் பத்துக்கு மேற்பட்ட தடவைகள் மோதினார். 1914 நவம்பரில் வில்ஸிடம் தொடக்கச் சுற்றுகளிற் பலமுறை வீழ்ந்தெழுந்தும், பதினான்காஞ் சுற்றில் அவரை எழவொண்ணாது வீழ்த்தினார். 1916 பெப்ரவரியில் நியூ ஓர்லீன்ஸ் நகரில் மீண்டும் அவரைப் பத்தொன்பதாஞ் சுற்றில் வென்றார். கறுப்பினத்தார்க்கென வேறாக வகுக்கப்பட்ட பட்டத்தைப் பலமுறை பெற்றார். உலகப் பட்டமோ எட்டவில்லை. 1913 டிசெம்பரிற் பரிஸில் ஜோன்சன் முதன்முறையாகக் கறுப்பினத்தார் ஒருவருடன் பட்டத்துக்குப் போரிட இசைந்தபோதும், அவர் தெரிந்தெடுத்தவர் லாங்போர்ட் அல்லர். ஜிம் ஜோன்சன் என்னும் வேறொருவரே. 1915இல் ஜோன்சனை வென்ற ஜெஸ் வில்லாட் பழைய நிறக்கோட்டை மீண்டும் வரைந்தார். 1919இற் பட்டம் பெற்ற ஜாக் டெம்சி, தம் இளமைக் காலத்தில் லாங்போர்ட் ஒருவருக்கே அஞ்சி அவருடன் போரிட மறுத்ததாகப் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளியாது எழுதினார்.

1917ஆம் ஆண்டு பொஸ்ரனில் பிரெட் புல்ரனுடன் பொருதபோது லாங்போர்ட்டின் இடக்கண் பார்வை அழிந்தது. வறுமை அவரை ஓய விடவில்லை. மற்றைக் கண்ணும் மங்கத் தொடங்கிய பின்னரும் போரிட்டார். எதிரியின் உருவம் நிழலாகவே தோன்ற, அருகே நெருங்கித் தொட்டுணர்ந்து குத்தினார் என்பர். இந்நிலையில் 1922இல் அற்லாண்டா நகரில் தைகர் பிளவர்ஸ் என்னும் இளைஞரை இரண்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். அவ்விளைஞரே 1926இல் நடுத்தர எடைப் பிரிவின் முதலாவது கறுப்பின உலக சம்பியனானவர். 1923இல் மெக்சிக்கோ சென்று, பெரும்பாலும் பார்வையிழந்த நிலையில் அந்நாட்டுப் பாரஎடைப் பட்டத்தையும் வென்றார். 1926இல் மேடையை விட்டு நீங்கியபோது, பதிவான போட்டிகளே 250க்கு மேற்பட்டிருந்தன. கையிற் பொருள் இல்லை.

பின்னர் உலகம் அவரை மறந்தது. 1944இல், நியூயோர்க் ஹெரால்ட் ற்றிபியூன் பத்திரிகையின் அல் லேனி என்பார் அவரைத் தேடிப் புறப்பட்டபோது, அவர் இறந்துவிட்டார் என்றே பலரும் கூறினர். ஈற்றில் ஹார்லெம் பகுதியில் இருண்ட சிற்றறை ஒன்றில், முற்றும் பார்வையிழந்து, கையிற் சில சதங்களுடன் இருந்த முதியவரைக் கண்டார். அவர் எவரையும் பழிக்கவில்லை; தம் பழைய போட்டிகளைச் சொல்லிச் சிரித்தார். லேனி எழுதிய கட்டுரையைப் படித்தோர் பத்தாயிரம் டொலர் அளவில் நிதி திரட்டி, மாதந்தோறும் அவருக்குச் சிறுதொகை கிடைக்க வகை செய்தனர். 1956 ஜனவரி 12ஆந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் அவர் காலமானார்.

இறப்பதற்கு முந்திய ஆண்டில், உலகப் பட்டம் பெறாதிருந்தும் குத்துச்சண்டையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1990இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ் மண்டபமும் அவரை ஏற்றது. 2003இல் றிங் சஞ்சிகை, எல்லாக் காலத்துக்குமான வன்குத்து வீரர் நூற்றுவரை நிரைப்படுத்தியபோது ஜோ லூயிஸுக்கு அடுத்ததாக இரண்டாம் இடத்தை லாங்போர்ட்டுக்கு வழங்கியது. அந்த லூயிஸ் 1937இற் பட்டம் பெற்றபோதுதான், ஜோன்சனுக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் மூடிக்கிடந்த வாயில் மீண்டும் திறந்தது.

தகுதியுடையார் என்றேனும் போற்றப்படுவர் என்று கூறி இவ்வரலாற்றை முடித்தல் எளிது. அவ்வாறு முடிக்க எம் மனம் இசையவில்லை. கண்ணொளி இருந்தபோது மறுக்கப்பட்டதைக் கண்ணொளி போனபின் வந்த புகழ் ஈடுசெய்யாது. இறந்தபின் வந்த புகழோ அவரை எட்டவுமில்லை. பாடசாலை மண்டபச் சுவரிற் பொன்னெழுத்திற் பெயர் பொறிக்கப்பெறும் மாணவர், போட்டியிட வாய்ப்பே பெறாதாரும் உளர் என்பதை நினைத்தல் நன்று. பழைய மாணவராகிய நம்முட் பலர் இன்று பிறரைத் தெரிவுசெய்யும் இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றோம். வேலைக்கும் பதவிக்கும் பரிசுக்கும் வருவோர் நம் வாயிலில் நிற்கின்றனர். ஒருகாலத்தில் நமக்கும் அவ்வாயில் அரிதாகவே திறந்தது. உள்ளே வந்தபின் அதனைச் சாத்தாதிருத்தலே லாங்போர்ட்டுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலியாகும்.