வழி கண்ட அறிஞர் டைக்ஸ்ட்ரா

கல்லூரி வளாகப் பேருந்துகளுக்கு வழி காட்டும் செயலியை உருவாக்க முனையும் இளம் மாணவர், சில வாரங்களிலேயே ஒரு பெயரைச் சந்திக்கின்றனர். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்பது அப்பெயர். பாடநூலில் ஓர் அல்காரிதமாகச் சுருங்கிவிட்ட அம்மனிதரின் வாழ்வை இங்கே சிறிது நோக்குவோம். (அல்காரிதம் என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீயின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை வாசகர் அறிவர்.)

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 1930 மே 11ஆம் நாள் டைக்ஸ்ட்ரா பிறந்தார். தந்தையார் வேதியியலார், தாயார் கணிதம் கற்றவர். லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பயின்ற அவர், 1951இல் கேம்பிரிட்ஜில் நடந்த நிரலாக்கப் பயிற்சிக்குச் சென்றார். மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலராக அமர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. இயற்பியலுக்கு உலகில் மதிப்பு இருந்தது. நிரலாக்கமோ ஒரு கல்வித்துறையாகவே எண்ணப்படவில்லை. தம் தலைவர் வான் வைங்கார்டனிடம் அவர் மனம் திறந்தார். கணிப்பொறி நிலைக்கப்போகும் கருவி என்றும், அத்துறைக்கு மதிப்புத் தேடித் தருவோருள் அவரும் ஒருவராகலாம் என்றும் அப்பெரியவர் உணர்த்தினார். மாணவர் துணிந்தார்.

1956இல் அம்மையத்தின் ஆர்மாக் கணிப்பொறியின் தொடக்க விழா நெருங்கியது. கணிப்பொறி அறியாத விருந்தினருக்கும் விளங்கும் ஒரு வினா தேவைப்பட்டது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி எது? தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் கடைவீதி சென்று களைத்து, ஒரு காபிக் கடையில் அமர்ந்திருந்தபோது, சுமார் 20 நிமிடங்களில் விடை கண்டார். கையில் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தவிர்க்கக்கூடிய சிக்கல்களை அதனாலேயே தவிர்க்க நேர்ந்தது என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

அவ்வழிமுறையை நம் பேருந்துக்கே பொருத்திப் பார்ப்போம். புறப்படும் வாயிலுக்குச் சுழியம் நிமிடம். அங்கிருந்து விடுதிக்கு 6 நிமிடம், நூலகத்திற்கு நேரே 15 நிமிடம் என்று குறிக்கிறோம். குறைந்தது விடுதி, ஆகவே அதனை உறுதி செய்கிறோம். வேறெவ்வழியில் சுற்றினாலும் நேரம் கூடுமேயன்றிக் குறையாதன்றோ! விடுதியிலிருந்து நூலகம் 5 நிமிடம் எனில், மொத்தம் 11. முன் எழுதிய 15ஐ அடித்துவிடுகிறோம். இவ்வாறே எஞ்சியவற்றுள் குறைந்ததைத் தேர்ந்து, சேருமிடம் உறுதியாகும் வரை செல்கிறோம். பேருந்து மாறக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட மறந்த செயலி மட்டும் மாணவரை வகுப்புக்குத் தாமதமாகவே சேர்க்கும். அது டைக்ஸ்ட்ராவின் பிழையன்று.

விழாவுக்கு அவர் எடுத்துக்கொண்டது 64 ஊர்கள் கொண்ட நெதர்லாந்துச் சாலைப்படம். ஓர் ஊரைக் குறிக்க 6 பிட்டுகள் போதும் என்பதே அவ்வெண்ணிக்கைக்குக் காரணம். நினைவகம் அத்துணை அரிதாக இருந்தது!

1957இல் திருமணம் நிகழ்ந்தது. தம் தொழில் நிரலர் என்று அவர் எழுதியதை அதிகாரிகள் ஏற்கவில்லை. அப்படியொரு தொழிலே இல்லை என்றனர். வேறு வழியின்றிக் கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே பதிவாயிற்று. துறந்து வந்த துறையே அவரைத் துரத்திப் பிடித்தது போலும்.

குறுவழி காணும் அம்முறை 1959இல்தான் அச்சேறியது, மூன்றே பக்கங்களில். 1962 முதல் ஐந்தோவனிலும், 1984 முதல் அமெரிக்காவின் ஆஸ்டினிலும் பேராசிரியராக விளங்கினார். 1972இல் டூரிங் விருது பெற்றார். எனினும் மைப்பேனாவை அவர் விடவில்லை. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எண்ணிட்டு எழுதி, படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவந்தார். நோயுற்றுத் தாய்நாடு திரும்பி, 2002 ஆகஸ்ட் 6ஆம் நாள் நியூனன் ஊரில் மறைந்தார்.