சாமுவேல் கோல்ட்

சாமுவேல் கோல்ட் (ஜூலை 19, 1814 – ஜனவரி 10, 1862) அமெரிக்கக் கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். ரிவால்வர் எனப்படும் சுழல் கைத்துப்பாக்கியைப் பேரளவில் உற்பத்தி செய்து உலகெங்கும் பரவச் செய்தவர். இவரது தொழிற்சாலையில் உருவான துப்பாக்கிகள் இன்று பழம்பொருள் சேகரிப்பாளர்களால் பெரும் விலைக்கு வாங்கப்படுகின்றன. ஒன்றுபோலவே இருக்கும் துப்பாக்கிகளை இயந்திரங்களால் உருவாக்க முயன்றவர் கோல்ட். இன்றோ அவற்றின் மதிப்பு, ஒன்றிலிருந்து மற்றொன்று எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைக் கொண்டே கணிக்கப்படுகின்றது.

இளமைக்காலம்

கோல்ட் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். சிறிது காலம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வேர் என்னும் ஊரில் தந்தையின் நெசவாலையில் பணிபுரிந்தார். 1830 இல் கோர்வோ என்ற கப்பலில் கல்கத்தாவிற்குப் பயணமானார். கப்பலில் இருந்த சுழலும் பொறியமைப்பு ஒன்றைக் கண்டே சுழல் துப்பாக்கி பற்றிய எண்ணம் இவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகின்றது. அப்பயணத்தின்போதே மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினார்.

ஊர் திரும்பியபின், துப்பாக்கி மாதிரிகளைச் செய்வதற்கான பணத்தைத் திரட்ட, தம் பெயரின் எழுத்தை மாற்றி மருத்துவர் என அழைத்துக்கொண்டு, சிரிப்பூட்டும் வாயுவை மக்கள் முன் செய்து காட்டும் நிகழ்ச்சிகளை ஊர் ஊராக நடத்தினார்.

காப்புரிமையும் முதல் தோல்வியும்

சுழலும் உருளை கொண்ட துப்பாக்கிகள் கோல்ட்டிற்கு முன்பே இருந்தன. சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது உருளை தானாகவே சுழன்று, குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பே இவரது சிறப்பான பங்களிப்பாகும். இதற்கு 1835 இல் பிரித்தானியக் காப்புரிமையையும், பெப்ரவரி 25, 1836 அன்று அமெரிக்கக் காப்புரிமையையும் பெற்றார். அதே ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. இராணுவம் போதிய அளவில் வாங்காததால் 1842 இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. பின்னர் சில ஆண்டுகள் நீருக்கடியில் வெடிக்கும் கண்ணிகளை உருவாக்குவதில் ஈடுபட்டார்.

வாக்கர் துப்பாக்கி

பேட்டர்சன் துப்பாக்கிகளில் சில டெக்சாஸ் ரேஞ்சர் படையினரின் கைக்குச் சென்றன. 1844 இல் நிகழ்ந்த வாக்கர்ஸ் கிரீக் சண்டையில் அவை பெரிதும் பயன்பட்டன. அச்சண்டையில் பங்கேற்ற சாமுவேல் வாக்கர், மெக்சிகோ போரின்போது கோல்ட்டுடன் இணைந்து வலிமை மிக்க புதிய வடிவத்தை உருவாக்கினார். 1847 இன் தொடக்கத்தில் அமெரிக்க அரசு 1,000 துப்பாக்கிகளைக் கோரியது. கோல்ட்டிடம் அப்போது சொந்த ஆலை இல்லை. ஆகவே கனெடிகட்டில் இருந்த இளைய எலி விட்னியின் ஆலையில் அவை செய்யப்பட்டன. பொதுமக்கள் விற்பனைக்கெனச் செய்யப்பட்டவற்றையும் சேர்த்து மொத்தம் சுமார் 1,100 துப்பாக்கிகளே உருவாயின. இவ்வகையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிலோகிராம் எடை கொண்டது. வாக்கர் அதே ஆண்டு அக்டோபரில் போரில் உயிரிழந்தார்.

ஹார்ட்ஃபோர்ட் ஆலை

இந்த வருவாயைக் கொண்டு கோல்ட் ஹார்ட்ஃபோர்டில் தொழிலை நிறுவினார். 1851 இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் தம் துப்பாக்கிகளைக் காட்சிக்கு வைத்தார். 1853 இல் லண்டனில் ஒரு கிளை ஆலையைத் திறந்தார். 1855 இல் கனெடிகட் ஆற்றங்கரையில் பெரும் ஆலை கட்டி முடிக்கப்பட்டது. மேற்பார்வையாளர் எலிஷா ரூட் வடிவமைத்த இயந்திரங்கள் உற்பத்தியை விரைவாக்கின. எனினும் இறுதிப் பொருத்தும் வேலை கைகளாலேயே செய்யப்பட்டது. ஒன்றாகப் பொருத்தப்பட்ட பாகங்கள் பிரிந்துவிடாமல் இருக்க, முதன்மையான பாகங்கள் அனைத்திலும் ஒரே வரிசை எண் பொறிக்கப்பட்டது.

1856 இல் எலிசபெத் ஜார்விஸ் என்பவரை மணந்தார். உள்நாட்டுப் போரின் தொடக்க காலத்தில், ஜனவரி 10, 1862 அன்று தமது 47 ஆவது வயதில் காலமானார். அவரது சொத்தின் மதிப்பு சுமார் 1.5 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது. கோல்ட்டின் சேகரிப்பில் இருந்த துப்பாக்கிகளை எலிசபெத் ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வர்த் அருங்காட்சியகத்திற்கு விட்டுச் சென்றார்.

பழந்துப்பாக்கிகளின் மதிப்பீடு

கோல்ட் துப்பாக்கிகளை மதிப்பிடும்போது பின்வருவன கருத்தில் கொள்ளப்படுகின்றன.

அருமை: 1851 நேவி வகையில் ஹார்ட்ஃபோர்டில் மட்டும் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. ஆகவே பழமை ஒன்றே உயர்ந்த விலையைத் தருவதில்லை. மாறாக, வணிகத்தில் தோல்வியுற்ற பேட்டர்சன் வகையும், குறைவாகவே செய்யப்பட்ட வாக்கர் வகையும் மிக உயர்ந்த விலை பெறுகின்றன.

வரிசை எண்: சட்டகம், குழல், உருளை, விசைக் காப்பு ஆகியவற்றில் உள்ள எண்கள் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஓர் உருளை மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருந்தாலும் மதிப்பு வெகுவாகக் குறையும்.

மேற்பூச்சு: தொடக்கத்தில் இருந்த நீல நிறப் பூச்சு எத்தனை விழுக்காடு எஞ்சியுள்ளது என்பது அளவிடப்படுகின்றது. அமெரிக்காவில் வழங்கும் தர வரிசையில் மிகச் சிறந்த நிலை எனப்படுவதற்குப் பாகங்கள் அனைத்தும் மூலமாகவும், மேற்பூச்சு 80 விழுக்காட்டிற்கு மேல் எஞ்சியும் இருத்தல் வேண்டும். துருவைத் தேய்த்து மெருகேற்றுவதும் புதிய பூச்சு இடுவதும் பொருளை அழகாக்கினாலும் மதிப்பைக் குறைக்கின்றன. உருளையின்மேல் பதிக்கப்பட்ட போர்க்காட்சி தெளிவாக இருப்பது நல்ல அறிகுறியாகும்.

துணைப்பொருட்கள்: மூலப் பெட்டி, வெடிமருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு ஆகியவை உடன் இருந்தால் மதிப்பு கூடும்.

உரிமையாளர் வரலாறு: யாரிடம் இருந்தது என்பதற்கான ஆவணச் சான்று விலையைப் பன்மடங்காக்கும். சான்று இல்லாத குடும்பக் கதைகளுக்கு மதிப்பீட்டாளர்கள் விலை தருவதில்லை.

உண்மைத்தன்மை: இத்தாலியில் 1950களின் இறுதியிலிருந்து கோல்ட் வடிவங்களின் நகல்கள் செய்யப்படுகின்றன. இவை தவிர, எண்ணைத் திருத்தியும் பாகங்களை இணைத்தும் செய்யப்பட்ட போலிகளும் உள்ளன. எனவே உயர்விலைத் துப்பாக்கிகளை வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தே உறுதி செய்கின்றனர்.

குறிப்பிடத்தக்க ஏலங்கள்

டேனிய கப்பல் தலைவர் ஒருவருக்கு உரியதாயிருந்த, மூலப் பெட்டியுடன் கூடிய வாக்கர் துப்பாக்கி 2018 ஏப்ரலில் 18.4 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2021 ஆகஸ்டில் மற்றொரு கோல்ட் துப்பாக்கி 60 இலட்சம் டாலருக்கும் மேல் விலை பெற்றது. 1873 இல், அதாவது கோல்ட் இறந்து 11 ஆண்டுகளுக்குப் பின் அறிமுகமான வகையைச் சேர்ந்தது அது. அவ்வகையில் இலட்சக்கணக்கானவை செய்யப்பட்டிருந்தும், இந்த ஒன்றைக் கொண்டே பேட் காரெட் 1881 இல் பில்லி த கிட் என்ற சட்டவிரோதியைச் சுட்டுக் கொன்றார் என்பதும், அதற்கான சான்றுகள் இருந்ததுமே அவ்விலைக்குக் காரணங்களாகும்.