சுருதிக்குக் கணக்குப் போட்ட ஆபிரகாம் பண்டிதர்

பாட்டுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இவரைப் பற்றிப் படியுங்கள்.

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டு தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தார். நம்ம பழைய நெல்லைச் சீமைக்காரர்தான். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி முடித்து, தஞ்சாவூரில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு முழுநேரமும் சித்த வைத்தியம் செய்தார். மருந்து நன்றாக விற்றது. அந்தக் காசைத்தான் இசை ஆராய்ச்சியில் போட்டார். நம்ம மணியாச்சி ஸ்டேஷனில் 1911இல் ஆஷ் துரை சுடப்பட்டாரே, அதற்கு அடுத்த வருஷம் தஞ்சாவூரில் தன் செலவிலேயே இசை மாநாடு கூட்டினார்.

அங்கே பெரிய வாதம். 'ச' முதல் மேல் 'ச' வரை சுருதி எத்தனை? பழைய வடமொழி நூல்படி 22 என்றார்கள். பண்டிதர் 24 என்றார். அதுவும் எல்லாம் சமமான 24.

ஏன் சமம்? தந்தியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் 'ப' பேசும். அதாவது அதிர்வு 3/2 மடங்கு. மேல் 'ச' 2 மடங்கு. இப்படி 3/2, 3/2 என்று 12 தடவை ஏறினால் 7 ஸ்தாயி தாண்டித் திரும்ப 'ச'வில் வந்து நிற்கணும். ஆனால் 3/2ஐ 12 தடவை பெருக்கினால் 129.746 வருகிறது. 2ஐ 7 தடவை பெருக்கினால் 128தான். ஒட்டவே இல்லை! (ரஃப் நோட்டில் எனக்கு ஒரு பக்கம் ஆச்சு.)

சமமாகப் பிரித்தால் ஒட்டும். ஒரே எண்ணை 24 தடவை பெருக்கினால் சரியாக 2 வரணும். அந்த எண் ஏறக்குறைய 1.0293. நம்ம ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் விகிதமுறா எண் வகை அது, புள்ளிக்குப் பின்னால் முடியவே முடியாது. கம்ப்யூட்டராலும் முழுசா எழுதி வைக்க முடியாது. 3/2 என்றால் தொகுதி, பகுதி இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் துல்லியமாக நிற்கும். இதற்கு வேறு வழி: எத்தனையாவது சுருதி என்று மட்டும் எண்ணி வைப்பது. 'ம' என்றால் 10, 'ப' என்றால் 14. பின்னம் வராது, பிசகும் வராது.

கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எதுவும் இல்லாத காலத்தில் பண்டிதர் தந்தி நீளம், அதிர்வு என்று பட்டியல் பட்டியலாகக் கணக்குப் போட்டார். 1916இல் பரோடா மாநாட்டுக்குப் போனார். அங்கே அவர் மகள்கள் இரண்டு பேரும் பாடியே காட்டினார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் அவ்வளவு தூரம் போய் வித்வான்கள் முன்னால் பாடியது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற புத்தகம் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல்!

1919இல் பண்டிதர் இறந்துபோனார். 22ஆ 24ஆ என்ற வாதம் மட்டும் இன்னும் நடக்கிறது.