அண்ணல் அம்பேத்கரின் இளமைக் கல்வி

பேரறிஞர் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையைச் சொல்ல வருவோர் பெரும்பாலும் மகத் குளத்தில் தொடங்கி அரசியல் சட்டத்தில் முடிப்பது வழக்கம். அவர் பள்ளிச் சிறுவராக இருந்த பருவம் நான்கு வரிகளில் கடந்து போகிறது. வகுப்பில் கோணிச் சாக்கின்மீது அமர்ந்து படித்தார் என்பதை அனைவரும் அறிவோம். மாலையில் அந்தச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எத்தகைய வீட்டுக்குத் திரும்பினார், அவ்வீட்டில் என்ன நடந்தது என்பதை அறிந்தோர் சிலரே. விடுதியிலும் குடிசையிலும் இருந்து பயிலும் நம் மாணவச் செல்வங்களுக்கு இந்த இரண்டாவது செய்தியே மிகுதியும் வேண்டுவது எனக் கருதி இக்கட்டுரை எழுதலாயிற்று.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைமுகாமில், இராம்ஜி சக்பால், பீமாபாய் ஆகியோரின் 14ஆவது பிள்ளையாகப் பீமராவ் பிறந்தார். பாட்டனார் மாலோஜி பட்டாளத்தில் பணியாற்றியவர். தாய்வழியிலும் படைவீரர் குடும்பமே. அந்நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் கல்வி புகட்டப்பட்டது. ஊர்ப் பள்ளி வாயிலில் நிற்கவும் இயலாத மகார் குலத்து மக்கள் அந்த வழியில் எழுத்தறிவு பெற்றனர். தந்தை இராம்ஜி சுபேதார் பதவி வரை உயர்ந்ததோடு, படைப்பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் விளங்கினார். ஆகவே, அண்ணல் எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்திலிருந்து வந்தவர் என்று மேடைகளில் சிலர் முழங்குவது உண்மைக்குப் புறம்பானது. வறுமை இருந்தது, தீண்டாமை இருந்தது. அறியாமை மட்டும் அவ்வீட்டில் இல்லை.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. மகார்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியபோது, இராம்ஜி வாளாவிருக்கவில்லை. நீதிபதி ரானடே அவர்களை அணுகி, அவ்வாணையை எதிர்த்து விண்ணப்பம் செய்ய உதவி நாடினார். தம் இனத்துக்கு நேர்ந்த இழப்பைத் தம் வீட்டு இழப்பாகக் கருதி அரசுக்கு மனு எழுதும் தந்தையின் நிழலில் பீமராவ் வளர்ந்தார் என்க.

இராம்ஜி கபீர்தாசரின் நெறியைப் பின்பற்றியவர். மது, புலால் இரண்டையும் தொடாதவர். விடியலிலும் மாலையிலும் வீட்டில் வழிபாடு நடைபெறும். பிள்ளைகள் அனைவரும் வந்தமர்ந்து கபீர், துக்காராம் முதலானோரின் பாடல்களை ஓதுதல் வேண்டும்; தப்ப இயலாது. நாள்தோறும் பலர் முன்னிலையில் வாய்விட்டுப் பாடியும் ஓதியும் பழகிய நாவே பின்னாளில் வட்டமேசை மாநாட்டிலும் அரசியல் நிர்ணய சபையிலும் அஞ்சாது ஒலித்தது என்று கூறின் மிகையாகாது. மொழிநடையில் பிள்ளைகள் தேர்ச்சி பெற வேண்டுமென்று மராட்டியிலிருந்து ஆங்கிலத்திலும், ஆங்கிலத்திலிருந்து மராட்டியிலும் மொழிபெயர்க்கும் பயிற்சியைத் தந்தையே அளித்தார்.

ஓய்வு பெற்றபின் குடும்பம் தபோலியிலும் பின்னர் சதாராவிலும் குடியேறியது. பீமராவுக்கு ஏறத்தாழ ஐந்து வயதாகும்போது அன்னை பீமாபாய் மறைந்தார். தந்தையின் தமக்கையான மீராபாய், கூன் விழுந்த முதுகோடு, தாயற்ற அப்பிள்ளைகளை வளர்த்தார். 1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பீமராவ் சதாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். வகுப்பில் ஒரு மூலையில் அவருக்கு இடம். அமரும் சாக்கையும் அவரே நாள்தோறும் வீட்டிலிருந்து சுமந்து செல்ல வேண்டும். பள்ளிப் பணியாளர் அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் அவர் குழாயைத் தொடலாகாது. பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. ஊரில் வண்ணார் இருந்தனர், கூலி கொடுக்கப் பணமும் இருந்தது. எனினும் துணிகளைத் துவைத்தவர் தமக்கையர். முடி வெட்டிவிட்டவரும் தமக்கையே.

1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நடந்ததொரு நிகழ்ச்சி அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. பஞ்ச நிவாரணத்துக்காக ஏரி வெட்டும் பணி நடைபெற்ற கோரேகாவில் தந்தை காசாளராக இருந்தார். அவரைக் காண, தமையனோடும் தமக்கையின் மக்களோடும் பீமராவ் புத்தாடை அணிந்து இரயிலேறினார். மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல ஒருவரும் வரவில்லை. எழுதிய கடிதம் தந்தையைச் சேர்ந்திருக்கவில்லை. பிள்ளைகளின் உடையைக் கண்டு பரிவோடு பேசிய நிலைய அதிகாரி, அவர்கள் மகார்கள் என்றறிந்ததும் முகம் திரிந்து விலகினார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பின்னரே ஒரு வண்டிக்காரர் இசைந்தார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவர் கீழே நடந்து வந்தார். கையில் உணவு இருந்தும், இரவு முழுவதும் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பார் இல்லை.

இத்துணை அவமதிப்புக்கும் நடுவே அச்சிறுவரின் அப்போதைய இலட்சியம் யாது? பாரிஸ்டர் ஆவதா, நாடாள்வதா? அன்று. தந்தை மறுமணம் செய்துகொண்டது பீமராவுக்குப் பிடிக்கவில்லை. இறந்துபோன அன்னையின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருக்கக் கண்டு உள்ளம் கொதித்தார். வீட்டைவிட்டு ஓடிப் பம்பாய் ஆலையில் கூலியாகச் சேர்ந்து, தம் காலில் நிற்பதே அன்று அவர் கண்ட கனவு. வழிச்செலவுக்காக, உறங்கும் அத்தை மீராபாயின் இடுப்புப் பணப்பையைத் திருடத் துணிந்தார். மூன்று இரவுகள் முயன்று தோற்றார். நான்காம் இரவு பை அகப்பட்டது. உள்ளே இருந்தது அரையணா மட்டுமே! அது பம்பாய்க்குப் போதாது. அவ்விரவின் வெட்கம் அவரை மாற்றியது. விளையாட்டிலும் சுற்றித் திரிவதிலும் கழிந்த பொழுதைப் படிப்பில் செலுத்தித் தேர்வுகளை விரைவில் முடித்துத் தம் காலில் நிற்பது என உறுதி பூண்டார். குழந்தைப் பருவத்துப் பிழையொன்றைப் பெரியவரான பின் மறைக்காமல் தாமே எடுத்துரைத்தமையால்தான் இச்செய்தி நமக்குக் கிடைத்துள்ளது.

பின்னர்க் குடும்பம் பம்பாய் சென்றது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் குடியிருப்பொன்றில் ஒரே அறை. அடுப்பு, பாத்திரம், விறகு, அம்மி அனைத்தும் அதற்குள்ளேதான். இரவில் இருவர் நீட்டிப் படுக்க இடமில்லை. ஆகவே தந்தையும் மகனும் முறை வைத்துக்கொண்டனர். மகன் முன்னிரவில் உறங்குவார். தந்தை விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். கண்ணாடிக் கூண்டில்லாத சிறு விளக்கொளியில் விடியும் வரை படிப்பு. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அதுவும் அரசுப் பள்ளியே; எனினும் கணக்குப் போடுவதற்காக ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்த அன்று, பலகையின் பின்னால் வைத்திருந்த சோற்றுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடுமென்று மாணவர் கூச்சலிட்டோடி அவற்றை அப்புறப்படுத்தினர். சமஸ்கிருதம் பயில விரும்பியவருக்கு அது மறுக்கப்படவே, பாரசீகம் பயின்றார்.

பாடநூல்களோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. வேறு நூல்களையும் கேட்டார். ஓய்வூதியத்தில் அதற்கு வழியேது? இராம்ஜி மணமாகிச் சென்ற மகளிடம் சென்று கடன் கேட்பார். அவளிடம் இல்லையெனில் மற்றொரு மகளிடம் செல்வார். பணமில்லாதபோது, திருமணத்தில் தாம் போட்ட நகையையே வாங்கி, வட்டிக்கடையில் அடகு வைத்து நூல் வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பித் தருவார். இருவரையும் படிக்க வைக்க இயலாத நிலையில் தமையன் ஆனந்தராவ் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றார். அண்ணலின் பெயருக்குப் பின்னால் நிற்கும் பட்டங்களை எண்ணுகின்ற நாம், மஞ்சுளா, துளசா என்னும் தமக்கையர் பெயரை எத்தனை விழாக்களில் சொல்லியிருக்கிறோம்?

பள்ளி முடிந்ததும் சர்னி சாலைப் பூங்காவில் அமர்ந்து படிப்பது அவர் வழக்கம். அங்கே வரும் ஆசிரியர் கேளுஸ்கர் இம்மாணவரைக் கண்டு பேசி நட்புக் கொண்டார். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறியபோது எஸ். கே. போலே தலைமையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அதில் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். பின்னர்ப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் பரிந்துரைத்து மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே. அத்தொகையால் பீமராவ் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்.

1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாள்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. விரைந்து புறப்பட்டவர், தந்தைக்கு இனிப்பு வாங்கலாமென்று சூரத்தில் இறங்கினார், இரயில் போய்விட்டது. மறுநாள் வந்து சேர்ந்தபோது இராம்ஜி மகனின் முகத்தைக் காணவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதுகைத் தடவிக் கொடுத்த கை சற்று நேரத்தில் ஓய்ந்தது. அது பிப்ரவரி 2ஆம் நாள். அவ்வாண்டிலேயே பீமராவ் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கும் இலண்டனிலும் அவர் பெற்ற பெருமைகளை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

படிப்பை முடித்துத் திரும்பிய பாரிஸ்டர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை முதலில் மேற்கொண்ட பணிகளைப் பாருங்கள். 1925இல் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஒரு விடுதி. பம்பாயில் கட்டணமில்லாப் படிப்பகம். சூதிலும் குடியிலும் இளைஞர் வீழாதிருக்க ஒரு ஹாக்கிக் குழு. சோலாப்பூர் விடுதி மாணவர் தாமே ஒரு மாத இதழும் நடத்தினர். தண்ணீர்க் குழாயைத் தொடக்கூடாதிருந்த மாணவர் 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் ஆயிரக்கணக்கானோருடன் மகத் சவுதார் குளத்தில் இறங்கி நீரள்ளிப் பருகியது அதற்குப் பின்னரே. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். மாணவர் விவாதம் பழகுவதற்கென அங்கே மாணவர் பாராளுமன்றமும் அமைந்தது. பகலில் அலுவலகத்திலும் வேறிடத்திலும் உழைத்துப் பிழைப்போர் வேலைக்குச் செல்லுமுன் படித்துச் செல்லும்படியாகக் கல்லூரி வகுப்புகள் காலை வேளையில் நடைபெற்றன.