நம்பர் ஒன் லைசென்ஸ்காரர்!



நம்ம திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டுல நின்னு அண்ணாந்து பார்த்தா, முன்னெல்லாம் பருந்தும் பட்டமும்தான் தெரியும். இப்போ கோவில் கொடை, கல்யாணம், வயலுக்கு மருந்தடிப்புன்னு எங்கே பார்த்தாலும் ட்ரோன் சத்தம். நம்ம பசங்க சிலர் மோட்டாரும் பிரேமும் வாங்கித் தாங்களே பூட்டிப் பறக்க விடுகிறார்கள். பெருமைதான்! ஆனால் விதி, அனுமதி என்று பேச்செடுத்தால் மட்டும், பொழுதுபோக்குக்கு எதுக்குப்பா அதெல்லாம் என்று சலித்துக் கொள்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வாழ்க்கைக் கதை. பொழுதுபோக்காகப் பறக்கத் தொடங்கியவர்தான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸைப் பெற்றார். அவர்தான் ஜே.ஆர்.டி. டாட்டா.

1904 ஜூலை 29-ல் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண்மணி. கோடை விடுமுறைக்கு அவர்கள் குடும்பம் போகும் வடபிரான்ஸ் கடற்கரையில் லூயி பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகத் தாண்டினாரே, அதே பிளேரியோதான்! அந்தக் கடற்கரையில் விமானங்களைப் பார்த்துப் பார்த்தே சிறுவனின் மனசில் ஆசை ஒட்டிக்கொண்டது. 15 வயதில் முதல் சவாரியும் கிடைத்தது.

கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டார். அப்பா கூப்பிட்டுவிட்டார். 1925-ல் டாட்டா நிறுவனத்தில் சம்பளமில்லாத அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். ஆமாம் தோழர்களே, அவரும் அப்ரண்டிஸ்தான். பட்டம் வாங்காத மனிதர்!

பம்பாயில் ஃப்ளையிங் கிளப் தொடங்கியதும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10-ல் லைசென்ஸ் கைக்கு வந்தது. எண் 1. அன்றைய இந்திய வானத்தில் கூட்டமா, நெரிசலா? ஒன்றுமில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. பரீட்சை கொடுத்துத்தான் பறந்தார்.

1930-ல் ஆகாகான் அறிவித்திருந்த ஒரு போட்டி நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. ஒரு மாதம் கெடு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். எதிர்த்திசையில் வந்த அஸ்பி இன்ஜினியர், எகிப்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டு நின்றார். போட்டியாளர்தானே, கிடக்கட்டும் என்று போய்விடவில்லை நம்மவர். தன்னிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார். கடைசியில் சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு அஸ்பிக்கே போனது! அவர் பின்னாளில் இந்திய விமானப்படைத் தளபதியானார். இன்னொரு வீரரான மன்மோகன் சிங், கெடு தாண்டிவிட்டதால் பரிசை இழந்தார். விதி என்றால் விதிதான்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹூவுக்குத் தபால் மூட்டையோடு சின்ன 'புஸ் மாத்' விமானத்தைத் தானே ஓட்டி வந்தார். ரேடியோ கிடையாது. ஆமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன! ஜுஹூவிலிருந்து தபாலை நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாக நம்ம சென்னைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சின்ன சர்வீஸ்தான் 1946-ல் ஏர் இந்தியா என்று பெயர் பெற்றது. 1953-ல் அது அரசுடைமையான பிறகும் 1978 வரை அதன் தலைவர் ஜே.ஆர்.டி.தான். 1982-ல், 78 வயதில், அதே கராச்சி-பம்பாய்ப் பயணத்தை மறுபடி செய்து காட்டினார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார்.

சரி, இதுக்கும் நம்ம ட்ரோனுக்கும் என்ன சம்பந்தம்?

கால்குலேட்டரை எடுங்கள். விமானம் ஏறக்குறைய 3 டிகிரி சரிவில் தரையிறங்கும். டேன் 3 போட்டுப் பாருங்கள். தரை தொடும் இடத்துக்கு 1 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் வெறும் 52 மீட்டர்! வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்தாலும் வினாடிக்கு 55 மீட்டருக்கு மேல். நம்ம கையகல ட்ரோன் விமானியின் கண்ணில் படும்போது, விலக நேரமிருக்காது.

அதனால்தான் 2021-ன் ட்ரோன் விதிகள் வானத்தைப் பிரித்தன. விமான நிலையச் சுற்றெல்லையை ஒட்டிய பகுதி பொதுவாகச் சிவப்பு. மத்திய அரசு அனுமதியில்லாமல் கூடாது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். 8 முதல் 12 வரை 200 அடிக்குள் பச்சை. அதையும் தாண்டி, வேறு தடை இல்லாத இடங்களில் 400 அடி வரை பச்சை. 2 கிலோ வரையிலான ட்ரோனை வியாபாரமில்லாமல் ஓட்டினால் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இந்த எல்லைகள் எல்லாருக்கும் பொது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

திருவேங்கடத்தில் விமான நிலையம் இல்லைதான். ஆனால் நாளைக்கே வாகைக்குளம் பக்கம் ஒரு கல்யாண ஆர்டர் வரலாம். அப்போது டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு ரிமோட்டைத் தொடுங்கள். அந்த விமானத்தில் நம்ம அக்காவோ மாமாவோ வந்து கொண்டிருக்கலாம்!

காலியாகக் கிடந்த வானத்துக்கே லைசென்ஸ் வாங்கிப் பறந்தார் ஜே.ஆர்.டி. நெரிசலான வானத்தில் நாம் எப்படிப் பறக்க விட வேண்டும் என்று நானா சொல்ல வேண்டும், தோழர்களே?